கீழே நிற்க ஒரு ஆள்

அந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை பேக்டரியில் ஏழு வருடம், சனிக்கிழமைதோறும், நான் ஒருவனே அதைச் செய்தேன்.

வெள்ளைக்காரன் காலத்து மரமாடி அது. கொழுந்து வாட்டும் மேல்மாடியின் கூரை நெடுகக் குழாய்கள், குழாய்களில் ஸ்பிரிங்க்ளர்கள். தீப்பிடித்தால் ஸ்பிரிங்க்ளரின் வாயை அடைத்திருக்கும் ஈயம் சூட்டில் உருகி, மேட்டுத் தொட்டித் தண்ணீர் கொட்டும். தண்ணீர் ஓடினால் வாசல் சுவரில் இருக்கும் மணி தானாக அடிக்கும். ஸ்பிரிங்க்ளர்களில் படியும் தேயிலைத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுவதும், சுண்ணாம்பு அடிக்க வருகிறவன் அவற்றின் மேலும் ஒரு இழுப்பு இழுத்துவிடாமல் சண்டை போடுவதும் என் வேலை. சனிக்கிழமை மட்டும் மாடியின் பின்கோடியில் உள்ள வால்வைத் திறந்து, மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்கோடிக்கு மணிச் சத்தம் எட்டாது. கீழே கட்டட மூலையில் ஒருவர் நின்றால் மணியையும் கேட்கலாம், மேலே சன்னலுக்குக் குரலும் கொடுக்கலாம். எனக்கு ஆள் இல்லை. திறந்துவிட்டு முப்பத்தெட்டுப் படி இறங்கி ஓடுவேன். மணியைக் கேட்டுவிட்டு, வால்வை மூட மறுபடி ஏறுவேன்.

பேக்டரியை நடத்தும் டீமேக்கர் கேட்டார்: "ஏனப்பா, கீழ ஒரு ஆளை நிறுத்திக்கறதுதானே?"

"என் பொஞ்சாதி வந்துருவா சார். அவளையே நிறுத்திக்கிறேன்" என்றேன்.

அவள் இலங்கையில் இருந்தாள். இருவரும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். எங்கள் கலியாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டிலும் பிரஜாவுரிமைக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் அப்பா இந்தியா கேட்டார், அவள் அப்பா இலங்கை கேட்டார். அவரவர் அப்பா மனுவில் அவரவர் பெயர். எனக்குக் கெடு வைத்துக் கப்பலேற்றினார்கள். அவள் காகிதத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டு பின்னாலேயே வருவதாகப் பேச்சு. எந்த மகராசன் மேஜையில் அந்தக் காகிதம் தூங்கியதோ தெரியாது.

முதல் வருடம் டீமேக்கர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "உன்ற ஆளு வந்தாச்சா?" மூன்றாம் வருடம் கேட்பதை விட்டுவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மூடுபனி இறங்கிய நாட்களில் அவள் கீழே நின்று "அடிக்குதுங்க!" என்று கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். இறங்கிப் பார்த்தால் மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை இறங்கி வந்தபோது முற்றத்தில் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, முந்தின நாள்தான் மண்டபம் முகாமிலிருந்து எங்கள் லயத்து வீடுகளில் இறங்கிய குடும்பங்கள். இலங்கைத் தோட்டத்தில் காலையில் மணி அடித்தால் பிரட்டுக்கு வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், வேலை தருகிறார்கள் என்று நினைத்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஓடி வந்திருந்தார்கள். இது வெறும் தண்ணீர் மணி என்று சொல்ல வேண்டிய நான், வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். கடிதம் போடாமல் அவள் எப்படி வருவாள்? அந்த அறிவு எனக்குக் கடைசி முகத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது.

"பிரட்டு இல்லீங்க, போங்க" என்றேன். ஒரு அம்மா சாக்கை அவிழ்க்காமல் அப்படியே நின்றாள்.

ஏழாம் வருடம் அவள் வந்தாள். ஒரு தகரப் பெட்டி, காதோரம் நரை. முதல் இரண்டு நாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டோம். சனிக்கிழமை அவளை மூலையில் நிற்க வைத்து, மணி அடித்தால் கத்தச் சொல்லிவிட்டு மேலே போனேன். அன்றும் மூடுபனி. சன்னலில் ஒன்றும் தெரியவில்லை. வால்வைத் திறந்தேன்.

"அடிக்குதுங்க!"

வால்வை மூடாமல் முப்பத்தெட்டுப் படியும் இறங்கி ஓடினேன். மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏன் ஓடி வந்தீங்க? நான் கத்துனது கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றேன். "இதுக்கு முன்னாடியும் நெறைய தடவ கேட்டுச்சு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே வால்வு திறந்தே கிடந்தது.