நோன்பாளி கையில் சிரட்டை

பேரப்பிள்ளைகளே, உங்கள் அம்மா இந்தக் கதையை உங்களிடம் சொல்லியிருப்பாள். மலையில் மண் சரிந்தபோது அத்தா பதினான்கு பேருக்குக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினார் என்று. அவளுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். முழுக்கப் பொய்யில்லை, ஆனால் பாதியை விட்டுவிட்டேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், எழுதிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் நோன்பு ஐப்பசி மழைக்குள் வந்தது. மூத்தவளான உங்கள் அம்மாவுக்கு நான்கு வயது, இளையவன் பிறக்கவில்லை. கம்பம் ஊரில் ஒருவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன். விடியும் முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும். ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் வேலை முடியும்வரை அங்கேயே கிடந்து, நான்கு மணிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். பெண்கள் பதின்மூன்று பேர். அவர்களை வேலைக்குக் கூட்டி வரும் கங்காணி ஒருவர். என்னோடு பதினைந்து.

அன்று பெய்தது இரண்டு நாளாக விடாத மழை. சாயங்காலம் இறங்கும்போது, தோட்டத்துச் சாலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைத் தாண்டி ஒரு வளைவு திரும்பினேன். முன்னால் இருந்த மேடு அப்படியே நழுவி வந்து சாலையில் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஜீப்பின் மூக்கைத் தள்ளி ஓடைப்பக்கம் சாய்த்துவிட்டது. எல்லாரும் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தோம். முழங்கை, முட்டி சிராய்ப்போடு போயிற்று.

கங்காணி தைரியசாலி. சேற்றைத் தாண்டிப் போய் ஆளைக் கூட்டி வருகிறேன் என்று இறங்கினார். இடுப்பு வரை புதைந்துவிட்டார்; சேலைகளை முடிச்சுப் போட்டு இழுத்தோம். சரி, தோட்டத்தில் குடியிருப்பவர்களிடம் திரும்பிப் போகலாம் என்று நடந்தால், ஸ்டோருக்குப் பின்னால் இருந்த ஓடையில் பாலத்தைக் காணோம். இரண்டு தூண் மட்டும் நின்றது. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் போனது. முன்னால் சேறு, பின்னால் வெள்ளம், நடுவில் ஸ்டோர். கங்காணியிடம் செல்போன் இருந்தது. அதில் சிக்னல் இல்லை.

மத்தியானச் சோறு எல்லாருக்கும் எப்போதோ செரித்திருந்தது. தூக்குச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துத்தான் வண்டியில் ஏறியிருந்தார்கள். சாப்பிட ஏதாவது வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். நோன்பு திறக்க ஏழு பேரீச்சம்பழமும் ஒரு பன்னும் மடியில் இருந்தன. பொழுது சாய்ந்ததும் பழங்களை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன். பதினான்கு பாதி சரியாகப் போனது. பன்னை, மாசமாயிருந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத சின்னப்பிள்ளை. நான் தண்ணீரால் நோன்பு திறந்தேன்.

"எனக்குக் கொட்டை வந்த பாதி, ஒனக்குச் சதை வந்த பாதி. பாய்கிட்டயும் ஓரவஞ்சனை இருக்குடி" என்று ஒருத்தி சிரித்தாள். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்துவிட்டு, கூலி கூட என்று ஏலத்துக்கு வந்தவள் அவள். ஐம்பது வயதிருக்கும். வாய் பெரிது. எல்லாரும் அவளை ஓடைப்பட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் காலை கங்காணி வாட்ச்மேன் அறையின் பூட்டை உடைத்தார். வாட்ச்மேன் லீவில் ஊருக்குப் போயிருந்தான். உள்ளே ஒரு அலுமினியப் பானை, உப்பு, மூன்று படி அரிசி. அவ்வளவுதான். பக்கத்து அறையில் ஏலக்காய் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பெண்கள் அதை மென்று பார்த்தார்கள். வாய் எரிந்ததும் பசி கூடியதும்தான் மிச்சம்.

"ஆத்தாடி, ஏப்பம் விட்டா கல்யாண வீட்டுப் பாயாசம் மாதிரி மணக்குது. இந்த வயிறு மட்டும் நம்ப மாட்டேங்குது" என்றாள் ஓடைப்பட்டிக்காரி.

ஒரு நாளைக்கு ஒரு படி, மத்தியானம் ஒரு வேளைக் கஞ்சி என்று முடிவானது. யார் எப்போது வருவார்கள் என்று தெரியாது. அந்த மூன்று படி எங்களுக்குள் சண்டையில்லாமல் போய்ச் சேர வேண்டும். எல்லாருக்கும் இருந்த கவலை அது ஒன்றுதான்.

ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு. கங்காணிதான் ஊற்றினார். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஊற்றினார். ஐந்தாறு பேர் குடித்த பிறகுதான் ஓடைப்பட்டிக்காரிக்கு விஷயம் பிடிபட்டது. கஞ்சிப் பானையில் மேலே தண்ணீர் நிற்கும், பருக்கை அடியில் கிடக்கும். முதலில் வாங்குகிறவருக்குத் தண்ணீர், கடைசியில் வாங்குகிறவருக்குச் சோறு. கங்காணி தன் ஊர்க்காரப் பெண்கள் ஐந்து பேரையும் கடைசிக்கு நிறுத்தியிருந்தார். மாசமான பிள்ளையை முதல் ஆளாகக் கூப்பிட்டிருந்தார்.

"கங்காணி, கலக்கி ஊத்துங்க."

"கலக்கித்தான ஊத்துறேன்?"

"எங்கன கலக்குனீக? மேலாப்புலயே மோந்து மோந்து ஊத்துறீக. இந்தப் பிள்ளைக்குப் பச்சத்தண்ணி, ஒங்க ஊராளுகளுக்குப் பொங்கச்சோறா?"

"ஆளக் கூட்டியாந்தது நானு. ஆருக்கு எப்ப ஊத்தணும்னு எனக்குத் தெரியும்."

அதற்குமேல் பேச்சில்லை, இழுபறிதான். பானை கவிழ இருந்ததை நான்தான் பிடித்தேன். உள்ளங்கை வெந்தது. ஓடைப்பட்டிக்காரி கங்காணி கையிலிருந்த சிரட்டையைப் பிடுங்கி என் கையில் திணித்தாள்.

"பாய் ஊத்தட்டும். பகல் பூரா பச்சத்தண்ணி பல்லுல படாத மனுசன். பானைய வச்சுக்கிட்டு ஒக்காந்தாலும் ஒரு பருக்கை எடுக்க மாட்டாக."

எல்லாரும் சரி என்றார்கள். கங்காணியின் ஊர்ப்பெண்கள்கூட. பானையில் மிச்சமிருந்ததை அன்று நான் ஊற்றினேன்.

பயணத்தில் இருப்பவனுக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்க அனுமதி இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அன்று காலை, விடியும் முன் சாப்பிடும் சஹருக்குக்கூட ஒன்றும் இல்லாமல்தான் நோன்பு நோற்க நிய்யத் வைத்திருந்தேன். அடுத்த நாள் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சிரட்டை கைக்கு வந்த பிறகு எப்படி விடுவது? நோன்பாளி என்றுதானே கொடுத்தார்கள்? அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் சிரட்டையைப் பிடித்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. வாழ்நாளில் யாரும் என்னிடம் ஒரு பொறுப்பை அப்படித் தூக்கிக் கொடுத்ததில்லை.

இரண்டாம் நாள் முதலிலிருந்தே நான் ஊற்றினேன். ஒவ்வொரு சிரட்டைக்கும் அடிவரை கலக்கி ஊற்றினேன். பேர் சொல்லவில்லை, உட்கார்ந்திருந்த வரிசைப்படி. எல்லாருக்கும் ஊற்றி முடித்து என் பங்கை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி மூடி, சுவரோரம் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்கும். மண் சரிந்த அன்று என்னைக் கேலி பேசிய ஓடைப்பட்டிக்காரிகூட இப்போது "சொல்லுங்க பாய்" என்று மரியாதையாகக் கேட்டாள். நான் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாய்ந்து கிடந்த ஜீப்பில் நேராக உட்காரவும் முடியாது.

பொழுது சாய்ந்தது. தூக்குச்சட்டியை எடுக்கப் போனேன். கங்காணி முந்திக்கொண்டு எடுத்து மூடியைத் திறந்தார். சட்டியைத் தலைகீழாகச் சாய்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"எல்லாரும் வந்து பாருங்கம்மா, நோன்புக்காரரு பங்க. விரல விட்டா நிக்குது. நாம குடிச்சது கஞ்சி, இவரு வச்சிருக்கிறது சோறு."

பிள்ளைகளே, சூடாக இருக்கும்போது ஊற்றி வைத்த கஞ்சி சாயங்காலம் வரை கிடந்தால் பருக்கை ஊறித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கட்டியாகிவிடும். முதல் நாள் எனக்கு எடுத்து வைத்ததும் அப்படித்தான் இருந்தது. அன்று யாரும் மூடியைத் திறந்து பார்க்கவில்லை, பார்க்கக் காரணமும் இல்லை. அங்கே இருந்த பதின்மூன்று பெண்களும் வாழ்நாள் முழுக்கக் கஞ்சி காய்ச்சியவர்கள். அவர்களுக்குத் தெரியாததா? ஆனால் அந்தச் சட்டியைப் பார்த்த பதின்மூன்று முகத்திலும் அது தெரியவில்லை. நான் ஓடைப்பட்டிக்காரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"வச்சிருந்தா கட்டியாகும்ல?" என்றேன். என் குரல் எனக்கே திருடன் குரல் மாதிரி கேட்டது.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக" என்றார் கங்காணி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டியிலிருந்ததைப் பானையில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, "ஆளுக்கு ஒரு வாய், எடுத்துக்கிடுங்க" என்றேன். வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று நினைத்தேன். முதலில் ஒருத்தி கை நீட்டினாள். அப்புறம் எல்லாரும் எடுத்தார்கள். பானையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜீப்புக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது. சாய்ந்த ஜீப்பின் பம்பரில் உட்கார்ந்து யோசித்தேன். மிச்சம் ஒரு படி. மறுபடி நான் நோன்போடு ஊற்றினால், என் பங்கு மறுபடி சாயங்காலம் வரை மூடிக் கிடக்கும். மறுபடி கட்டியாகும். என் பங்கே வேண்டாம் என்றால் அன்று சாயங்காலத்துக்குள் விழுந்துவிடுவேன். கங்காணியிடமே சிரட்டையைக் கொடுத்தால் மாசமான பிள்ளைக்கு மறுபடி தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பானைதான் நின்றது. அப்போது ஒன்று தோன்றியது. இவ்வளவு நேரமும் அவர்கள் பார்த்தது ஆளை. நல்லவனா, கெட்டவனா என்று. ஆளைப் பார்க்க வேண்டாத மாதிரி ஒரு வழி வேண்டும்.

பன்னிரண்டு வயதிலிருந்து நான் ஒரு நோன்பையும் விட்டதில்லை. காய்ச்சலில்கூட. அதைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அனுமதி இருக்கிறது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கஞ்சி கொதித்து இறங்கியது. வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பானையைக் கலக்காமல், மேலாக நின்ற தண்ணீரை ஒரு சிரட்டை கோரினேன். பிஸ்மில்லா சொல்லி, எல்லாரும் பார்க்க நின்று குடித்தேன்.

காலிச் சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"என்ன பாய், முறிச்சிட்டீகளா?" என்றாள் ஓடைப்பட்டிக்காரி.

"ஆமா."

"அப்பாடா" என்றார் கங்காணி. "பாய்க்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நாளில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான். மாசமான பிள்ளைகூடச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

"இனிமே சிரட்டையப் புடிக்கிறவுகதான் மொத ஆளு" என்றேன். "எல்லாரும் பாக்க மொதல்ல குடிச்சிட்டுத்தான் மத்தவுகளுக்கு ஊத்தணும். நான் குடிச்சிட்டேன். இந்தாங்க கங்காணி, இனி நீங்க ஊத்துங்க. மொதச் சிரட்டை ஒங்களுக்கு."

அவர் சந்தேகமாக வாங்கினார். பானையை எட்டிப் பார்த்தார். மேலே தெளிந்த தண்ணீர். தன் முதல் சிரட்டையில் பருக்கை வர வேண்டுமானால் அவருக்கு ஒரு வழிதான் இருந்தது. சிரட்டையை அடிவரை விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கலக்கினார்.

"அடேயப்பா, மத்து வச்சுக் கடைஞ்சாக்கூட இம்புட்டு வராது" என்றாள் ஓடைப்பட்டிக்காரி. அந்தப் பானை சூடு ஆறும்வரை பருக்கை அடியில் தங்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்தது. அன்று சண்டை இல்லை. நான் குடித்தது மட்டும்தான் தண்ணீர்.

சாயங்காலத்துக்கு முன்பே ஓடைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தெரிந்தார்கள். தோட்டத்து ஆட்கள். இரண்டு மரத்தை வெட்டிப் போட்டு, கயிறு கட்டி, ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கடத்தினார்கள். நான் போகவில்லை. ஜீப்பை அதன் சொந்தக்காரர் என்னை நம்பி விட்டிருந்தார். பேட்டரியும் டயரும் காணாமல் போனால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சேற்றை அள்ளிச் சாலை திறக்கும்வரை காவல் இருக்கிறேன் என்றேன். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். ஒரு பொட்டலம் ரொட்டி கொடுத்தார்கள்.

பெண்கள் "வாரோம் பாய்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கடைசியாக நின்றவள் ஓடைப்பட்டிக்காரி. மரத்தில் கால் வைக்கப் போனவள் திரும்பி வந்தாள்.

"வச்ச கஞ்சி கட்டியாகும்னு எனக்குத் தெரியும் பாய்."

"அப்ப ஏன்மா சொல்லல?"

"நீங்க அதப் பானையில கொட்டுவீகன்னு தெரியும். எனக்கும் பசிதான பாய்."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் ரொட்டி இருந்தது. அனுமதியும் இருந்தது. ஆனாலும் நிய்யத் வைத்தேன். யாருக்கும் பங்கு வைக்க வேண்டியதில்லை, என்னைப் பார்க்கவும் ஆள் இல்லை. பகல் முழுவதும் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நோன்பு திறக்க நேரம் சொல்ல மலையில் பள்ளிவாசல் பாங்கு கேட்காது. வாட்ச்சில் தண்ணீர் இறங்கி அது முதல் நாளே நின்றுவிட்டது. முந்தைய நாட்களில், என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், பொழுது சாய்ந்ததும் யாராவது ஒருத்தி "பாய், இருட்டிருச்சு" என்று குரல் கொடுத்துவிடுவாள். அன்று மூடுபனி இறங்கியதில் பொழுது சாய்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ரொட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த மரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை இருந்தேன். மறைந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.