ஜோடியாகத்தான் தருவார்கள்

அம்மாவின் குரல்வளையை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான், ஒரு பறவை வாங்குவதென்று நான் முடிவு செய்தேன். அது 2009. சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன்.

அம்மாவுக்கு மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டில் வேலை. அப்பா இறந்ததும் கருணை அடிப்படையில் கிடைத்தது. வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வராந்தாவில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டும். அவள் கூப்பிட்டால், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாயங்காலம் தெருமுனை திரும்பும்போதே ஆரம்பிப்பாள். "பாப்பா, கதவத் தெற. பாப்பா, கதவத் தெற." மூன்றாவது தடவை சொல்வதற்குள் நான் போய்த் தாழ்ப்பாளை எடுத்திருக்க வேண்டும்.

தொண்டைக் கட்டு என்றுதான் முதலில் நினைத்தோம். புதுச்சேரியில் பார்த்த டாக்டர், புற்று, முதலில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம், கேட்காவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகு பேச்சு இருக்காது என்று என்னிடமும் மாமாவிடமும் சொன்னார். மாமா அம்மாவின் தம்பி. செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்காகிட்ட ஆபரேஷன்னு மட்டும் சொல்லுவோம். பேச்சு போயிடும்ங்கறத இப்பயே சொல்லாத. இருக்கற நாளுக்காவது நல்லா பேசிட்டு இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கே செல்போனில் அவள் பேச்சைப் பதிவு செய்யப் பார்த்தேன். போனை முகத்துக்கு நேராக நீட்டியதும் அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றாள். "என்னாத்தடி பேசச் சொல்ற? போயி சோத்தப் போட்டுச் சாப்புடு." அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைச் சொல்லாமல் மறுபடி எப்படிக் கேட்பது?

அப்போதுதான் பறவை யோசனை வந்தது. அவள் குரலை ஒரு பறவை கற்றுக்கொண்டால் போதும், வீட்டில் அது இருந்துகொண்டே இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். பச்சைக் கிளி நன்றாகப் பேசும், ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. மைனாவும் அப்படித்தான். கொண்டை வைத்த காக்கட்டீல் கிளி விசிலடிக்கும், பேச்சு கம்மி, விலை ஜாஸ்தி. பின்ச் குருவி கத்த மட்டும் செய்யும். கடைசியில் மிஞ்சியது, நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற சின்னப் பறவை. அது பேசுமாம். இளசாக இருக்க வேண்டும், நெற்றிக் கோடுகள் மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தால் இளசு. ஆணாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக இருக்க வேண்டும். ஜோடி கிடைத்துவிட்டால் அது தன் பாஷையிலேயே பேசிக்கொள்ளும், நம்மை ஏறெடுத்தும் பார்க்காது.

சிதம்பரத்தில் கீழ வீதியை ஒட்டிய சந்தில் ஒரு கடை. மீன் தொட்டிகளுக்கு நடுவே பெரிய கூண்டு. கடைக்காரர் நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒத்தையாலாம் குடுக்கறதில்லமா. ஜோடியாத்தான்."

"எனக்கு ஒண்ணு போதும்ண்ணா. பேசப் பழக்கணும்."

"பேசறதுக்கு ஊட்ல ஆளு இல்லியா? ஒண்ண மட்டும் கொண்டும்போனா அது ஏங்கிப்பூடும். பாவம் நமக்குத்தான்."

அரைமணி நேரம் நின்றேன். ஆண் எது, பெண் எது, மூக்கின் நிறம் வயசுக்கு ஏற்ப எப்படி மாறும் என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். கேட்டு அலுத்துப்போய், "இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னக் கேக்காத" என்று ஒரு பச்சை ஆண் குஞ்சைப் பிடித்து, ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியில் விட்டுத் தந்தார். பஸ் முழுக்கப் பெட்டி மடியில் கீறிக்கொண்டே வந்தது.

அம்மா குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். குரல் அப்போதே கரகரக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணுதாம்மா. பேசப் பழக்கலாம். நீ தெனம் கூண்டுகிட்ட நின்னு, பாப்பா கதவத் தெறன்னு சொல்லு, போதும்."

"அது எதுக்குடி நம்பள மாதிரி பேசணும்? மொதல்ல அதுக்கு ஒரு தொணயக் கொண்டா."

ஆனாலும் கொஞ்ச நாள் பேசினாள், எனக்காக. ஆபீஸிலிருந்து வந்ததும் கூண்டருகே நின்று சொல்வாள். பறவை தலையைச் சாய்த்துக் கேட்கும். தொண்டைக்குள் ஏதோ முணுமுணுக்கும். பேச்சு வந்துவிடும், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நான் பரபரத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்கியது. கடைசிக் கரண்ட் வைத்துக்கொண்டு வந்து அவள் படுத்திருந்த ஒரு நாள், அது கூண்டில் தொங்கவிட்டிருந்த கண்ணாடியைக் கொத்திக் கொத்தி அதற்கு இரை ஊட்டப் பார்த்தது.

"கண்ணாடிக்குப் போயி ஊட்டுது பாரு," என்றாள். "உங்கப்பா போனப்பறம் நான் கெடந்த கெட இது. எனக்காவது நீ இருந்த. போடி, போயி நாளைக்கே வாங்கியா."

கரண்ட் கேட்கவில்லை என்று டாக்டர் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார். ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவளிடம் சொல்ல வேண்டுமானால், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அம்மாவைக் கூட்டி வந்திருந்த மாமாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வாங்கிக் குடுத்துடு பாப்பா, வுடு" என்றார்.

நீல நிறத்தில் ஒரு பெண் பறவை வந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நாளே ஆண் பறவை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அம்மா கூண்டருகே நின்று எதைச் சொன்னாலும் அது திரும்பவில்லை. அவளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். "பாத்தியா, நம்ப ஞாபகமே இல்ல அதுக்கு," என்று மூன்று முறை சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டரே அவளிடம் சொல்லிவிட்டார். அம்மா அழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "இதுக்குத்தானா அந்தக் குருவி?" என்றாள். தலையாட்டினேன். "மொதல்லயே சொல்லிருந்தா ஒத்தையாவே வுட்டிருப்பனா? அப்பவும் வுட்டிருக்க மாட்டேன்," என்றாள்.

கழுத்தில் ஓட்டையும் அதை மறைக்கும் துணியுமாக வீட்டுக்கு வந்தாள். கோர்ட்டில் கேஸ் கட்டுகளைத் தூக்கி வைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வீட்டில் என்னைக் கூப்பிட, நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்புவாள். டக், டக், டக். அதுவும் மூன்று தடவைதான்.

அடுத்த வருஷம் நீலப் பறவை முட்டை இறங்காமல் இறந்துபோனது. பச்சைப் பறவை சில நாள் இரை எடுக்கவில்லை. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கத் தொடங்கியது. தினை போட அம்மா கையை விட்டால் விரலில் ஏறி உட்கார்ந்து, அவள் வாயையே உற்றுப் பார்த்தது. இப்போது கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. சொல்லித்தர வாயில் சொல் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். டக், டக், டக். "வரம்மா" என்று கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். அம்மா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள்ளிருந்து மறுபடி அதே சத்தம். அவளுடைய இடைவெளி, அவளுடைய அவசரம். கூண்டருகே போய் நின்றேன். அன்றைக்கு இதை ஒற்றையாகவே விட்டிருந்தால் அவள் குரலும் இப்படித்தான் கூண்டிலிருந்து கேட்டிருக்கும் என்பது ஒரு பக்கம். இதாவது கிடைத்ததே என்பது இன்னொரு பக்கம்.

விழித்ததும் அவளுக்குக் கேட்க வைத்தேன். அம்மா கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள்.

"வேணாம்மா," என்றேன். "இன்னொண்ணு வந்தா இதையும் மறந்துடும்."

விரலை மடக்கவில்லை.

அந்த வாரம் சிதம்பரம் கடைக்குப் போனேன். "ஜோடியாம்மா?" என்றார் கடைக்காரர், வலையைக் கையில் எடுத்துக்கொண்டே.

"ஒண்ணு போதும்ண்ணா. ஊட்ல ஒண்ணு தனியா கெடக்குது."

மஞ்சள் பறவை ஒன்று வந்தது. கொஞ்ச நாள் அந்தச் சத்தம் கேட்டது, பிறகு எப்போதாவது, பிறகு இல்லை. கடைசியாக எப்போது கேட்டேன் என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா ஆபீஸிலிருந்து வந்து கூண்டருகே நின்று நாக்கைத் தட்டினாள். மூன்று முறை. மஞ்சளின் கழுத்தைக் கோதிக்கொண்டிருந்த பச்சை திரும்பவே இல்லை. அம்மா என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தைத் தூக்கிச் சிரித்தாள்.