ஓடிருவோமா அண்ணாச்சி?

சுகர் டெஸ்ட்டுக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முன்னாள் பட்டாளத்துக்காரர் ஒருவர். இப்போது விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வாட்ச்மேன். உடம்பிலிருக்கும் மின்சாரத்தால் தீப்பொறி வராமலிருக்க அங்கே செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைகிற பழக்கத்தில், ஆஸ்பத்திரிக் கதவையும் தொட்டுவிட்டுத்தான் வந்தார்.

முன்னாள் வீரர்களை வருஷா வருஷம் சோதிக்கும் அரசாங்க ஆராய்ச்சிக்குச் சம்மதப் படிவம் நிரப்பிக்கொண்டே இருமினார்.

“பட்டாளத்துல கேக்காமலே ஊசி குத்துனாக, பயமில்ல. இங்கன சம்மதமான்னு கேக்காக, அதான் யோசனை. நெஞ்சுக்குள்ள என்னன்னு தெரிஞ்சுக்க ஆசைதான். தெரிஞ்சிருமோன்னும் இருக்கு.”

என் பயத்தை மறைக்க, “ரெண்டு பேரும் ஓடிருவோமா அண்ணாச்சி?” என்றேன்.

சிரித்தார். படிவத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைத் தொட்டு, போயே போய்விட்டார்.

எனக்கு ஊசி எறும்புக்கடி மாதிரிதான் இருந்தது. படிவத்தைப் பார்த்தேன். எல்லாம் நிரப்பியிருந்தார், கையெழுத்தைத் தவிர.