முதல் பரிசு வாங்கிய சிவப்பு

"மண்பாண்டம், கண்ணாடி, ஓவியம்: உள்ளூர்க் கலைஞர்களின் கண்காட்சி, ஞாயிறு காலை பத்து மணி" என்கிறது அழைப்பிதழ். அல்லிநகரத்துக் கல்யாண மண்டபத்துக்குச் சிறப்பு விருந்தினர் வந்து சேரும்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

கடமலைக்குண்டு செல்வம் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைகிறவர். முகத்தையும் நகையையும் முதலில் தீட்டி, கடைசியாகப் பின்னணி வண்ணத்தைப் பூசி எல்லாவற்றையும் மூடிவிடுவார். முன்பக்கம் திருப்பினால்தான் படம் தெரியும். அமைப்பாளர்கள் பூசிய பக்கத்தை வெளியே காட்டி, சுவரில் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். தெரிவது வெறும் சிவப்பு. விருந்தினர் அதன்முன் கண்மூடி நிற்கிறார். "என்ன ஒரு மௌனம்!" என்று முதல் பரிசை அறிவிக்கிறார்.

"சொல்லித் தொலையேன்யா," என்கிறார் பக்கத்தில் பானை அடுக்கும் பாண்டியம்மாள். "மீனாட்சியச் செவுத்தப் பாக்க வச்சுட்டாகளே!"

"பேசாம இரு ஆத்தா. மூணு வருசமா மொகத்தக் காட்டுனா, ஆறுதல் பரிசுகூடக் குடுக்கல இவுக."

மேடையில் விருந்தினர் படத்தின் பெயரைக் கேட்கிறார்.

"மீனாட்சிங்கய்யா."

"ஆகா, எவ்வளவு ஆழம்!" கைதட்டல் அடங்க நேரமாகிறது. செல்வம் கேடயத்தை அணைத்தபடி இறங்குகிறார்.

சிவப்புக்கு அந்தப் பக்கம் மீனாட்சி இருப்பதாக இருவர் சொல்கிறார்கள். செய்தி எழுத வந்த நான் பார்க்கவில்லை. சரிபார்க்கப்படாத தகவல்.