மலையில் மாமா சொன்ன வானிலை

என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது, பனி மூடிய ஓட்டல் வராந்தாவில் லுங்கிக்கு மேல் ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாயுமாக நின்று, ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டுக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கோலம்தான். இமயமலையில் பனிச்சறுக்கு விளையாடும் ஊர் அது. கல்யாணமான மூன்றாவது வருடம் என் கணவர் எங்கள் இருவரையும் அழைத்துப் போயிருந்தார். ஓட்டலில் தினமும் காலையில் வானிலையை எழுதி ஒட்டுவார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் இருந்தது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எங்கள் ராயபுரம் தெருவுக்கு அவர் வாக்குதான் வானிலை அறிக்கை. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வாடை வந்தால் மழை இல்லை. கடல் பக்கமிருந்து ஈரவாடை ஏறினால் மாடித் துணியை எடுத்துவிட வேண்டும். அநேகமாகத் தப்பாது. ஆனால் அந்த மலையில் மணலியும் இல்லை, கடலும் இல்லை.

முதல் நாள் விரலை நீட்டிவிட்டு, “இன்னிக்கு பனி கொட்டும். வெளிய போனா பேஜாரு” என்றார். அறையிலேயே கேரம் ஆடினோம். வெயில் பளீரென்று அடித்தது. மற்றவர்கள் மூக்கு சிவக்கச் சறுக்கிவிட்டுத் திரும்பினார்கள். “காத்து திரும்பிட்ச்சி” என்றார், அவ்வளவுதான். மறுநாள், “தைரியமா போங்க. சாய்ங்காலம் வரிக்கும் ஒண்ணும் வராது, நான் கேரண்டி” என்றார்.

நானும் கணவரும் ரோப்காரில் உச்சிக்குப் போனோம். நான் இரண்டு முறை விழுந்து எழுவதற்குள் மூடுபனி வந்துவிட்டது. காலில் மாட்டியிருந்த சறுக்குக் கட்டையின் நுனிகூடத் தெரியவில்லை. காற்று ஊளையிட்டது, ரோப்காரை நிறுத்திவிட்டார்கள். தகரக் கொட்டகை டீக்கடை ஒன்றில் நெருக்கியடித்து நின்றோம். விரல்கள் மரத்து எனக்கு அழுகை வரும்போது போன் அடித்தது.

“எங்கம்மா கீறீங்க?”

“மேலதான் மாமா. புயல் மாதிரி அடிக்குது.”

சின்னக் குரலில், “இங்க வெயில் அடிக்கிதும்மா” என்றார்.

அதன்பிறகு கீழே நடந்ததை மாமா இன்றுவரை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்வார். ரோப்காரை ஏன் நிறுத்தினீர்கள் என்று, அதை இயக்கும் அறைக்குள் சண்டைக்கென்றே நுழைந்திருக்கிறார். உள்ளே இருந்த ஒல்லியான மலைக்காரர், உச்சியில் அடிக்கும் காற்றின் வேகம் காட்டும் மீட்டரைத் தொட்டுக் காட்டினார். அந்த வேகத்தில், துறைமுகத்தில் எந்த அதிகாரி கத்தினாலும் மாமாவே கிரேனை நிறுத்திவிட்டு இறங்கியிருப்பார். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மலைக்காரர் கைச்சாடையிலேயே விளக்கினாராம்: வெயில் ஏற ஏறப் பள்ளத்துக் காற்று மேலே போகும், எதிரே தெரியும் இரண்டு முகடுகளுக்கு நடுவே மேகம் உட்கார்ந்தால், அடுத்த கால் மணியில் உச்சி மறையும், அதனால் விடிந்ததும் போய் மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும்.

மறுபடி போன் வந்தது. “நிறுத்துனது கரெக்டும்மா. பயப்படாம குந்திகினு இரு. இந்த ஆளு வெவரமான ஆளு.”

இரண்டு மணி நேரம் கழித்து ரோப்கார் ஓடியது. கீழே நெருங்கும்போது பார்த்தேன். மலைக்காரரின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மாமா உள்ளங்கையைக் கவிழ்த்து, ‘மெதுவா, மெதுவா இறக்கு’ என்று துறைமுகத்துச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். இறங்கியதும் என் கைகளைப் பிடித்துத் தேய்த்தார். கண் கலங்கியிருந்தது.

என் கணவர் நேராக மலைக்காரரிடம் போய், எங்களை இப்படியா குளிரில் தவிக்கவிடுவது என்று ஆரம்பித்தார். மாமா குறுக்கே பாய்ந்தார்.

“டேய், அவர ஒரு வார்த்த பேசாத. நானா இருந்தா உங்கள நாளைக்குத்தான் எறக்கியிருப்பேன்!”

மலைக்காரருக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே, தன் ஜாக்கெட்டைத் திருப்பித் தரும்படி கை நீட்டினார்.