பரணில் பன்னிரண்டு வருஷம்

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ, சவ்வு வழிப்பதில் ஆம்பூரிலேயே ஆதிகேசவனுக்கு ஈடு கிடையாது. இதை நான் சொல்லவில்லை, தினமும் அவனே சொல்லிக்கொள்வான். ஹயாத் பாஷா சாயபுவின் தோல் கிடங்கில் வேலை. எந்த வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்துதான்: ஆவாரம்பட்டை. பல்வலியா, பட்டைத் தண்ணீரில் கொப்பளி. சேற்றுப்புண்ணா, பட்டைத் தண்ணீரில் காலை வை. செத்த தோலையே அழுகாமல் காக்கிற பட்டை உயிருள்ள தோலைக் காக்காதா என்று கேட்பான். கேள்வி நியாயமாகத்தான் இருக்கும். மனுஷன்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது தை மாசம், அவன் இடது முழங்கைக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்தது. அரித்தது, உடைந்தது, நடுவில் கரியாய்க் கறுத்தது. சுற்றி வீங்கியதே தவிர வலி என்பது துளியும் இல்லை. வலிக்காத புண் புண்ணே இல்லை என்பது அவன் கட்சி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இடித்து, கையில் அப்பி, துணி சுற்றிக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனான். நாலாம் நாள் கிடங்கு வாசலில் சுருண்டு விழுந்தான். சாயபு தன் ஜட்கா வண்டியிலேயே அவனை ரயிலடிக்குக் கொண்டுபோய், வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே டாக்டரம்மா துணியை அவிழ்த்துப் பார்த்துத் திகைத்துப் போனார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கை செருப்புத் தோல் நிறத்தில் இருந்தது.

"இது என்ன வியாதி?" என்றார்.

"வியாதி இல்லீங்கம்மா, பதம்" என்றாள் அவன் பெண்டாட்டி எல்லம்மா. "கைய ஊறப் போட்டுட்டாரு."

பட்டையைக் கழுவி எடுத்த பிறகுதான் கறுப்புப் பொருக்கு தெரிந்தது. மாட்டுக்கு வருகிற அடைப்பான் மனுஷனுக்கும் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். ஊசிமேல் ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொண்டான்.

பிழைத்த பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

"சமீபத்தில் எந்தத் தோலைத் தொட்டாய்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கிடங்குத் தோலுதான்" என்றான் ஆதிகேசவன். அது பொய். ஏன் பொய் சொன்னான் என்று தெரிய வேண்டுமானால் மெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மெயில் அவன் வளர்த்த காளை. எருது விடும் விழாவில் மெட்ராஸ் மெயில் வண்டி மாதிரி ஓடியதால் அந்தப் பேர். பதினேழாம் வருஷம், அடைப்பான் வந்து அரை நாளில் செத்தது. கத்தியே படக்கூடாது, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு கொட்டிப் புதை என்று மாட்டு டாக்டர் உத்தரவு போட்டுவிட்டுப் போனார். தெருவே வந்து அழுதது. குழி வெட்டியவர்கள் குளிக்கப் போனதும், தனியாக அழ வேண்டும் என்று பின்தங்கிய ஆதிகேசவன், வேட்டிக்குள் வைத்திருந்த கத்தியை எடுத்தான். தோலை உரித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் மூடினான்.

அதற்கு மேல் செங்கல் வைத்துச் சமாதி கட்டியது தெரு. பன்னிரண்டு வருஷமாக எருது விடுகிறவர்கள் எல்லாரும் முதலில் அங்கே வந்து தேங்காய் உடைத்தார்கள். உடைத்த மூடியில் ஒன்று ஆதிகேசவன் வீட்டுக்கு. தோல் இல்லாத சாமிக்கு உடைத்த தேங்காயில் சட்னி அரைத்தே அந்தக் குடும்பம் பன்னிரண்டு பொங்கல் கொண்டாடியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

மறுநாள் பிற்பகல் சாயபு வந்தார், கையில் ரொட்டியும் கமலாப்பழமும். முகம் வாடியிருந்தது. எல்லம்மாவும், புண்ணைப் பார்க்க வந்த டாக்டரம்மாவும் கட்டிலருகே இருந்தார்கள்.

"எப்டி இருக்கே ஆதி?"

"தேவல மொதலாளி. கிடங்கு எப்டி ஓடுது?"

"எங்க ஓடுது? சுகாதார ஆபீஸர் பூட்டு போட்டுட்டான். கிடங்குல இருக்கிற சரக்கு மொத்தமும் நாளிக்குப் பாலாத்து மணல்ல வச்சுக் கொளுத்தணுமாம். நாப்பது ஆளுங்க வாசல்லயே குந்திகினு இருக்காங்க. நமக்கும் பேஜாரு, அவங்களுக்கும் பேஜாரு." ஒரு கமலாப்பழத்தை உரித்து அவன் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சரக்கு போனாப் போவுது. நீ பொழச்சியே, அல்லா இருக்கான்."

திட்டியிருந்தால் ஆதிகேசவன் தாங்கியிருப்பான். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. எனக்கே கோபம் வருகிறது, நாற்பது குடும்பத்தின் அடுப்பு அணையப் போகிறது, இவன் ஒரு சமாதிக்காக வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான்! நல்லவேளை, அழுதுவிட்டான். குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டே, டாக்டரம்மா, சாயபு, எல்லம்மா மூவர் முன்னாலும் எல்லாவற்றையும் கொட்டினான். தோலை உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, சுருட்டிப் பரணில் வைத்தது. இந்தப் பொங்கலுக்கு வாங்கின கன்றுக்குட்டிக்கு மெயிலின் ஓட்டம் வரட்டும் என்று, முடியோடு ஒரு கழுத்துப் பட்டை அறுக்கப் போனது. அறுக்கும்போது கத்தி இடது கையில் கீறியது.

"அது எப்டிம்மா?" என்றான் டாக்டரம்மாவிடம். "உப்பு போட்டேன், கல்லாட்டம் காய்ஞ்சுது. பன்னெண்டு வருஷம் சோறில்லாம தண்ணியில்லாம எதுனா உயிரோட இருக்குமா?"

"இருக்கும். இந்தக் கிருமி நிலைமை மோசமானால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். உள்ளே தின்பதும் இல்லை, வளர்வதும் இல்லை. உப்பு, வெயில், சுண்ணாம்பு எதற்கும் லேசில் சாகாது. ஈரமும் ரத்தமும் கிடைத்தால் ஓட்டை உடைத்துக்கொண்டு எழுந்து வரும்."

"செத்தா மாரி பாசாங்கு பண்ணும்னு சொல்லுங்க" என்றார் சாயபு. "என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அப்படித்தான். பிரியாணி வாசனை வந்தா எழுந்துப்பான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இன்னொன்றும் கேள். செத்த மாட்டின் உடம்புக்குள் அது ஓடு கட்டாது. அறுக்காமல் புதைத்திருந்தால் உடம்போடு சேர்ந்து அதுவும் பெரும்பாலும் அழுகிப் போயிருக்கும். நீ அறுத்தாய். காற்றுப் பட்டது. ஓடு கட்டிக்கொண்டது."

ஆதிகேசவன் அன்று கத்தி பிடித்த தன் வலது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "உனுக்குத் தெரியாம மறைச்சுட்டேன்மே. மன்னிச்சிடு."

"இன்னாத்த மறைச்ச?" என்றாள் எல்லம்மா. "அடுப்புக்கு மேல பரண்ல ஒரு மாடு கெடக்குது, சமைக்கிறவளுக்குத் தெரியாதா? மழைக்கு அது அடிச்ச நாத்தத்துக்கு நானே பன்னெண்டு வருஷமா ஊதுவத்தி வாங்கறேன். சாமி பக்தின்னு நெனச்சுகினியா?"

கிடங்கைத் திறந்துவிடும்படி ஆபீஸருக்கு டாக்டரம்மா அங்கேயே கடிதம் எழுத உட்கார்ந்தார். பரணில் இருக்கும் தோலை மட்டும், யாரும் வெறுங்கையால் தொடாமல், பிடி சாம்பலாகும்வரை எரிக்க வேண்டும். பரணையும் சேர்த்து எரித்தால் உத்தமம் என்று எழுதினார்.

சாயபுவுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் தொழில் புத்தியும் வந்தது.

"ஒண்ணு கேக்கறேன் ஆதி. நல்ல பெரிய காளைத் தோலு. தொட்டி நம்முது, பட்டை நம்முது, உன்ன மாரி வேலைக்காரன் ஜில்லாவுலயே இல்ல. பன்னெண்டு வருஷத்துல ஒரு தபா அத்தப் பதம் போடலாம்னு தோணலியா?"

ஆதிகேசவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பதம் போட்டா முடி போய்டும் மொதலாளி. நெத்தியில சுழி இருந்துச்சு, அதுவும் போய்டும். அப்புறம் அது தோலு. இப்ப வரிக்கும் அது மெயிலு."

தோலைத் தவிர வேறு எதையும் தோலுக்குள் பார்த்தறியாத ஹயாத் பாஷா சாயபு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவன் திரும்பும்வரை காத்திருந்து, நாளைக்குத் தானே போய்க் கிட்ட நின்று மெயிலைக் கொளுத்துவதாகச் சொன்னார்.