பட்டர்வொர்த்தில் வண்டி பார்த்த சனிக்கிழமை

காலை 8.40. ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டு வாசலில் பேருந்துக்காக நின்றேன். வாரம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர வேலை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறையவே மாட்டேன் என்றது. சனிக்கிழமை என்றால் மதியம் வரை எழுந்திருக்காத ஆள் நான். அன்றைக்குக் கார் வாங்கக் கிளம்பிவிட்டேன். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பேருந்து வந்தது. படகுத்துறை வரை ஒரு வெள்ளி நாற்பது காசு. இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். ஒரு வெள்ளி நம் இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

வீடு பினாங்குத் தீவில், வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில். வீட்டைக் கம்பெனி பிடித்துக் கொடுத்தது. ஜன்னலில் கடல் தெரிகிறது என்றதும் பல்லை இளித்துக்கொண்டு நானும் சரி என்றுவிட்டேன். பேருந்து, அப்புறம் படகு, அப்புறம் தொழிற்சாலை வேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இருபது மாதமாக இதே கூத்து. மதுரையில் ஸ்கூட்டியை எடுத்தால் கால் மணி நேரத்தில் ஆபீஸில் இருப்பேன்.

கைப்பையில் ஒரு கடிதம் வைத்திருந்தேன். என் இரண்டு வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் ஐந்து வருடம் இருந்தால் தரப் பரிசோதனைப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு என்று மேலிடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் மதுரையில் அரசாங்க உத்தியோகம். ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம். விட்டுவிட்டு வர முடியாது. மகன் கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறான்.

கார் வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புதுசா, பழசா?" பழசு என்றால் நான் ஊருக்குத் திரும்புகிறேன், புதுசு என்றால் திரும்ப மாட்டேன் என்பது அவர் கணக்கு. "பாக்கணும்ங்க" என்று மழுப்பினேன். உள்ளுக்குள் புதுசு என்று எப்போதோ முடிவு செய்தாகிவிட்டது. வாங்கிவிட்டுச் சொன்னால் அவரே புரிந்துகொள்வார், என் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்காது. என்ன ஒரு தைரியசாலி பாருங்கள்!

9.50. படகு. கட்டணம் இரண்டு வெள்ளி. முன்பெல்லாம் கார்களையும் ஏற்றிக்கொண்டு போகுமாம். இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். கார் வைத்திருப்பவர்கள் பாலத்தில் பதின்மூன்றரை கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டும். குளிரூட்டியின் காற்று நேராகக் கழுத்தில் விழுகிற இருக்கை கிடைத்தது. கால் மணி நேரம்கூட ஆகாத பயணத்தில் நான் தூங்கிப்போக, பக்கத்திலிருந்த மலாய்க்காரப் பெண் தோளைத் தட்டி எழுப்பினாள்.

பட்டர்வொர்த் துறையில் தேவி அக்கா காத்திருந்தார். எங்கள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், பிறந்து வளர்ந்தது எல்லாம் பிறைதான். இவர் இல்லாவிட்டால் முதல் மாதமே நான் மூட்டை கட்டியிருப்பேன்.

"பசியாறிட்டியா?" என்றார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு இங்கே அப்படித்தான் கேட்பார்கள்.

"இல்லக்கா. எந்திரிச்சதே பெரிய விஷயம்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது லா. வா, மொதல்ல உன் காடியப் பாப்போம். அப்பறமா சாப்பிடலாம்."

கார் இவர்கள் வாயில் காடி. பேச்சின் முடிவில் ஒரு 'லா'வும் ஒட்டிக்கொள்ளும்.

10.40. புதுக் கார் விற்கும் கடை. உள்ளே நுழைந்ததும் தோல் இருக்கையும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை. எனக்குப் பிடித்த வாசனை அது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? விற்பனையாளர் ஒரு சீன இளைஞர். "வாங்க அக்கா" என்று இரண்டு வார்த்தை தமிழ் பேசிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவினார். மலேசியாவில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிற சின்னக் கார்; விலை ஐம்பத்திரண்டாயிரம் வெள்ளி. கைக்கு வர இரண்டு மாதம் ஆகும்.

"எத்தனை வருடம் இருப்பீர்கள்?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்கு வேலை அனுமதி எத்தனை வருடமோ அத்தனை வருடத்துக்குத்தான் வங்கி கடன் கொடுக்குமாம்.

கடிதத்தை எடுத்து நீட்டினேன். வீட்டுக்காரருக்குக் காட்டாத கடிதத்தை முன்பின் தெரியாத ஒரு பையனிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஐந்து வருடம். நல்லது" என்று புன்னகைத்தார். முன்பணம் ஐந்நூறு வெள்ளி கட்டினால் இன்றைக்கே பதிவு. வெள்ளையா, சிவப்பா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. என் வீட்டுக்காரர்.

"எங்க இருக்க?"

"கார் கடையிலங்க."

"பழைய கார் கடையா?"

"இல்ல. புதுசு."

அவர் கோபப்படுகிற மனிதர் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம்.

"பணம் கட்டிட்டியா?"

"இப்பத்தான் கட்டப் போறேன்."

"இப்ப கட்டாத வசந்தி. இராகு காலம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. பத்தரை வரைக்கும் பொறு."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். 11.35. மதுரையில் ஒன்பது ஐந்து. சனிக்கிழமை இராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை, அது சரி. ஆனால் அவருடைய பத்தரை எனக்கு மதியம் ஒரு மணி.

"இங்க அது எப்பவோ முடிஞ்சு போச்சுங்க."

"நீ எந்த ஊர்க்காரி?" என்றார் மெதுவாக. "வாங்க வேண்டாம்னு சொல்லல. ஒன்றரை மணி நேரம் பொறுத்துக்கோ, அவ்வளவுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாங்காதே என்று சொன்னால் சண்டை போடலாம். இராகு காலத்தோடு யார் சண்டை போடுவது? கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு மணிக்கு வருகிறேன் என்று அந்த இளைஞரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். தேவி அக்கா சிரித்தார்.

"என்னா மா நீ, பினாங்குல உக்காந்துகிட்டு மதுர இராகு காலம் பாக்கிறே!"

"அவர் பாக்கறாருக்கா."

"அவரு பாக்கட்டும் லா. நீ ஏன் எந்திரிச்சே?"

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

12.10. வாழையிலைச் சாப்பாடு, பன்னிரண்டு வெள்ளி. வெறும் வயிற்றுக்கு ரசம் அமிர்தமாக இருந்தது. சாப்பிட்டும் நேரம் போகவில்லை. "தெரிஞ்சவங்க ஒருத்தரு காடி விக்கிறாரு, உங்க ஊர் ஆளு, பக்கத்துலதான். சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார் தேவி அக்கா. பழைய காரை நான் வாங்கப்போவதில்லை. வெயிலில் நிற்பதற்கு அது பரவாயில்லை என்று போனேன்.

12.50. நான்காவது மாடி வீடு. விற்கிறவர் சங்கரன், திருநெல்வேலிக்காரர்; பிறையில் மின்சார வேலை. அடுத்த மாதம் மனைவி ராஜத்தோடு ஊருக்கே திரும்பிப் போகிறார். ராஜம் பாலில்லாத தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் இருந்தன. எங்களை உட்கார வைத்துவிட்டு அவர்கள் இருவரும் நின்றார்கள்.

"சாமான் எல்லாம் அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அனுப்ப என்ன இருக்கு?" என்றார் ராஜம். "எப்பவும் இவ்வளவுதான்."

ஒரு மூலையில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. தொலைக்காட்சிப் பெட்டி, மிக்ஸி, சோறு வேகவைக்கும் மின்பானை, எல்லாம் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டிகள். உள்ளே ஒன்றும் இல்லை. ஓரமெல்லாம் நைந்து, கரப்பான் அரித்து, சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"ரெண்டு வருசம்னுதான் வந்தோம்" என்றார் சங்கரன். "திரும்பிப் போகையில பேக் பண்ண வேணும்லா, அதான் எடுத்து வச்சோம். பதினோரு வருசம் ஆயிட்டு. காரும் அப்படித்தான். ரெண்டு வருசத்துக்கு எதுக்குப் புதுசுன்னு பழசு வாங்கினோம். அது போச்சு, இன்னொரு பழசு. இது மூணாவது."

"ஒரு சோபா வாங்குவோம்னு நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார் ராஜம். "அடுத்த வருசம் போயிருவோமேன்னு சொல்லிச் சொல்லியே..." சொல்லி முடிக்காமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயமாக இருந்தது எனக்கு. என் வீட்டிலும் சோபா இல்லை. சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. பழைய கார் வாங்கியவர்கள் பதினோரு வருடம் இருந்துவிட்டார்கள். அவர்கள் ஊரில் யாரிடமும் திரும்ப மாட்டோம் என்று சொல்லவில்லை, தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளவில்லை. நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை ஐம்பத்திரண்டாயிரம் வெள்ளி கொடுத்து ஒரு காரைச் சொல்ல வைக்கப் பார்க்கிறேன். சீ என்றாகிவிட்டது.

1.30. கீழே இறங்கிக் காரைப் பார்த்தோம். ஒன்பது வயது, சாம்பல் நிறம், பின்பக்க இடது கதவில் ஒரு நசுங்கல். விலை பதினெட்டாயிரம். தேவி அக்கா இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். "வெள்ளத்துல நின்ன காடின்னா பெல்ட்டு அடியில சேத்துக் கறை இருக்கும். இது சுத்தமா இருக்கு" என்றார். நான் ஓட்டினேன், சங்கரன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறைத் தொழிற்பேட்டைக்குள் லாரிகளுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர். நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான். யாரும் ஹாரன் அடிக்கவில்லை என்பதுதான் தடுமாற வைத்தது. சிக்னலில் நான் தாமதித்தபோது பின்னால் இருந்த லாரிக்காரர்கூடப் பேசாமல் காத்திருந்தார். பதினேழு வருடம் மதுரையில் ஓட்டியவளுக்கு இந்த மரியாதை பழக்கமில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு, "எடுத்துக்கறேன்" என்றேன். பெயர் மாற்றும் வேலை திங்கட்கிழமை முடியும், செவ்வாயிலிருந்து ஓட்டலாம். புதுசுக்கு இரண்டு மாதம் நிற்க என் காலில் தெம்பில்லை.

2.10. முன்பணத்தை எடுத்தேன். தேவி அக்கா கையைப் பிடித்தார்.

"ஏ, இப்ப எமகண்டம் மா. ஒன்றரையிலருந்து மூணு."

"மதுரையில இல்லக்கா" என்றேன். "அங்க இப்ப பதினொன்னு நாற்பது."

சங்கரன் வாய்விட்டுச் சிரித்தார். இருபது மாதத்தில் இரண்டு ஊர் கடிகாரமும் ஒருநாள் எனக்குப் பிரயோஜனப்பட்டது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்று ராஜம் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயைக் கையில் திணித்தார்.

3.20. திரும்பும் படகு. உள்ளே குளிராக இருக்கும் என்று வெளித்தளத்திலேயே நின்றேன். ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் வெயிலில் வெளுத்துத் தெரிந்தன. இந்தக் கடலை எத்தனை தடவை கடந்திருப்பேன், ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்க்கத் தெம்பு இருந்ததில்லை. மதுரையில் இருந்தபோதும் களைப்புத்தான். ஆனால் அங்கே என் களைப்புக்கு ஒரு பதவி இல்லை, ஒரு மேசை இல்லை. இங்கே நான் சொன்னால் ஒரு உற்பத்தி வரிசையே நிற்கும், ஓடும். எனக்கு அது பிடித்திருக்கிறது. இத்தனை நாள் அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன்.

அவரைக் கூப்பிட்டேன்.

"சாப்பிட உக்காரப் போறேன்" என்றார். "சாம்பார் வச்சேன். உப்புத்தான் கொஞ்சம் கூடிப்போச்சு. கட்டிட்டியா?"

"பழசு வாங்கிட்டேங்க."

"பழசா?" குரல் பளிச்சென்று மாறிவிட்டது. அவ்வளவு சந்தோஷம். தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நல்ல காரியம் பண்ணினே. எதுக்கு அநாவசியமா. அப்ப இன்னும் நாலு மாசம்..."

"இல்லங்க." அவர் மேலே கணக்குப் போடுவதற்குள் சொன்னேன். "காருதான் பழசு. நான் வரல. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. இருக்கப்போறேன். உங்ககிட்ட கேட்காம முடிவு பண்ணிட்டேன். எனக்கு இந்த வேலை வேணும்ங்க."

படகு துறையில் உரசி நின்றது. மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக இயந்திரத்தை முடுக்கினார்கள். அந்த இரைச்சலில் அவர் குரல் கேட்காமல் போய்விடுமோ என்று கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

அப்புறம் சொன்னார்: "அப்படின்னா புதுசாவே வாங்கியிருக்கலாமே, வசந்தி."